‘உத்தரவு’ என்னும் சொல்: அதன் வரலாறும் இன்றைய குழப்பங்களும்

கோவையிலோ ஈரோட்டிலோ காலையில் வரும் செய்தித்தாளைப் பொறுமையாகப் படிப்பவர் ‘உத்தரவு’ என்னும் சொல்லை நான்கைந்து இடங்களில் காண்பார். ஒரு செய்தியில் மாவட்ட ஆட்சியர் தடை உத்தரவு பிறப்பித்திருப்பார். அடுத்ததில் அறிக்கை தாக்கல் செய்யும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கும். மூன்றாவதில் நிவாரணம் வழங்க முதலமைச்சர் உத்தரவிட்டிருப்பார். உள்பக்கத்தில், சிவன்மலை முருகன் கோயிலின் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’யில் புதிதாக ஒரு பொருள் வைக்கப்பட்ட செய்தி இருக்கும்.

நான்குக்கும் சொல் ஒன்றுதான், விளைவுகள் வேறு. முதலாவதை மீறினால் காவல் துறை வழக்குப் பதியும். இரண்டாவதை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு ஆகும். மூன்றாவது, அன்றைய நிலையில், இன்னும் தாளில் ஏறாத ஓர் அறிவிப்பாக மட்டும் இருக்கக்கூடும். நான்காவது, நம்பிக்கை சார்ந்தது. “உத்தரவு போட்டாச்சுன்னு பேப்பர்ல வந்துதுங்களே, இன்னும் ஏன் நடக்கலை?” என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அதைத் தெளிவாக்க, சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

சொல்லின் பிறப்பு: விடை, இசைவு, கட்டளை

‘உத்தரவு’ என்பது ‘உத்தரம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. உத்தரம் என்றால் மறுமொழி. தமிழ் விவிலியத்தில் திரும்பத் திரும்ப வரும் ‘பிரதியுத்தரமாக’ என்னும் சொல்லில் இப்பொருள் அப்படியே இருக்கிறது. ‘உத்தரவாதம்’ என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு செயலுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உத்தரவாதி. ஆக, ‘உத்தரவு’ பிறந்தபோது அதில் கட்டளை இல்லை. ஒருவர் கேட்டார், மற்றவர் பதில் சொன்னார் என்பதே அதன் அடிப்படை.

பதில் எவ்வாறு கட்டளையாக மாறியது? மூன்று படிகளாக அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கேட்பவர் கீழேயும் பதில் சொல்பவர் மேலேயும் இருக்கும்போது, அந்தப் பதில் இசைவாகவோ மறுப்பாகவோ ஆகிறது. ‘சாமிகிட்ட உத்தரவு கேட்டோம்’ என்பதில் உள்ளது இப்பொருள்.

2. பெரியவர் முன்னிலையிலிருந்து புறப்படுவதற்கும் இசைவு வேண்டும் என்னும் மரபில், அது விடைபெறுதலைக் குறிக்கிறது. ‘உத்தரவு வாங்கிக்கிறேனுங்க’ என்று சொல்லி எழுந்திருப்பவர் எந்தக் கட்டளையையும் வாங்கிச் செல்வதில்லை.

3. கேள்வியே இல்லாமல் மேலிருந்து வரும் சொல்லும் உத்தரவு ஆகிவிடுகிறது. ‘உத்தரவிட்டார்’, ‘உத்தரவு பிறப்பித்தார்’ என்னும் இன்றைய செய்தி நடை இந்த மூன்றாம் படியைச் சேர்ந்தது.

இந்தப் பாதை வேறொரு தமிழ்ச் சொல்லிலும் தெரிகிறது. ‘விடை’ என்பது கேள்விக்கான பதிலையும் குறிக்கும், புறப்படும்போது பெறும் இசைவையும் குறிக்கும். ‘விடை எழுது’, ‘விடை கொடு’ ஆகிய இரண்டிலும் அதே சொல்தான். ஆனால் ‘விடை’ இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டது. யாரும் ‘விடை பிறப்பிப்பது’ இல்லை. ‘உத்தரவு’ மட்டும் மூன்றாம் படிக்கு ஏறியது.

எனவே பொருளை அறிய, பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். கேட்பது, கிடைப்பது, வாங்குவது, கொடுப்பது என்னும் வினைகளோடு வந்தால் பழைய பொருள். இடுவது, போடுவது, பிறப்பிப்பது என்னும் வினைகளோடு வந்தால் புதிய பொருள்.

கொங்கில் பழைய பொருள் உயிரோடிருக்கும் இடம்

திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயத்துக்கு அருகே உள்ளது சிவன்மலை. அங்குள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. முருகன் ஒரு பக்தரின் கனவில் தோன்றி ஒரு பொருளைச் சொல்வதாகவும், அதைப் பெட்டியில் வைத்துப் பூசிக்க வேண்டும் என்பதாகவும் நம்பிக்கை. கனவு கண்டவர் கோயிலில் வந்து சொன்ன உடனே பொருளை வைத்துவிடுவதில்லை. சுவாமி முன் பூப்போட்டுப் பார்த்து, வெள்ளைப் பூ வந்த பிறகே அது உறுதியாகிறது. வேறொரு பக்தருக்கு வேறொரு பொருள் உத்தரவாகும் வரை முதல் பொருள் பெட்டியில் இருக்கும். மண், தண்ணீர் போன்ற எளிய பொருள்களும் அதில் இடம்பெற்றிருக்கின்றன.

சொல்லாராய்ச்சி நோக்கில் இங்கு கவனிக்க வேண்டியது அந்தப் பூ. கனவில் வந்தது மேலிருந்து வந்த சொல். அதைக் கோயில் மீண்டும் ஒரு கேள்வியாக்கிச் சுவாமியிடமே கேட்டு, பதில் வந்த பிறகுதான் அதனை உத்தரவு என்று ஏற்கிறது. கொங்கு நாட்டுக் கிராமங்களில் கிடாயின் மேல் தீர்த்தம் தெளித்து அது துலுக்கும் வரை காத்திருப்பதும் இதே முறைதான். எத்தனை பெரியவர்கள் சுற்றி நின்றாலும், கிடாய் உடலைச் சிலிர்க்காத வரை ‘உத்தரவு இன்னும் கிடைக்கலை’ என்றுதான் சொல்வார்கள். அரசு அலுவலக வழக்கில் தேய்ந்துபோன ‘மறுமொழி’ என்னும் மூலப்பொருள் இந்தச் சடங்குகளில் பழுதில்லாமல் நிற்கிறது.

கல்வெட்டில் அரசன் என்ன சொன்னான்?

கொங்குச் சோழர் காலத்து அரச ஆவணங்கள் பல, அரசனின் இயற்பெயரைச் சொல்லாமல் ‘கோனேரின்மைகொண்டான்’ என்று தொடங்குகின்றன. அரசருள் தனக்கு நிகர் இல்லாதவன் என்பது அதன் பொருள். இயற்பெயர் இல்லாததால், எந்த ஆவணம் எந்த அரசனுடையது என்று உறுதி செய்வது கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு இன்றும் கடினமான வேலை.

அவற்றுள் புகழ்பெற்றது, கைவினைஞர்களான கம்மாளர்களுக்கு வழங்கப்பட்ட உரிமை பற்றியது. கரூர் பசுபதீசுவரர் கோயிலிலும் கோவையை அடுத்த பேரூரிலும் அத்தகைய கல்வெட்டுகள் உள்ளன. கம்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம். புறப்பட்டுப் போகும் இடங்களுக்குக் காலில் செருப்பு அணிந்து செல்லலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவையே அதில் கூறப்பட்டவை. அந்த அனுமதிக்கு முன்பு அம்மக்களின் வாழ்வு எப்படிக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது என்பதை இந்த மூன்று வரிகளை விடத் தெளிவாக வேறெந்த ஆவணமும் சொல்லிவிட முடியாது. சுவருக்குச் சுண்ணச்சாந்து பூசுவதற்குக்கூட அரசனின் வாய்ச்சொல் தேவைப்பட்டிருக்கிறது.

நம் பொருளுக்கு முக்கியமானது அதன் சொல்லமைப்பு. அரசன் ‘ஆணையிட்டோம்’ என்றோ ‘உத்தரவிட்டோம்’ என்றோ கூறவில்லை, ‘சொன்னோம்’ என்கிறான். பிறகு, ‘இவ்வோலை பிடிபாடாகக் கொண்டு’, சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லும்படி, வேண்டிய இடங்களில் ‘கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க’ என்று முடிகிறது. பிடிபாடு என்றால் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று. இதில் மூன்று நிலைகள் தனித்தனியாக உள்ளன: அரசனின் வாய்ச்சொல்; அதைத் தாங்கிய ஓலை; ஓலையைப் பார்த்து வெட்டிய கல்லும் செம்பும். இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொண்டால், இன்றைய அறிவிப்பு, அரசாணை, அரசிதழ் ஆகியவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும்.

‘ஆணை’: அதிகாரமும் சத்தியமும் தண்டனையும்

இன்று அரசு தன் எழுத்தில் விரும்பிப் பயன்படுத்தும் சொல் ‘ஆணை’. இதனை ‘ஆள்’ என்னும் வேரோடு இணைப்போரும் உண்டு. வடமொழி ‘ஆஜ்ஞா’ பிராகிருதத்தில் ‘ஆணா’ ஆகித் தமிழில் ‘ஆணை’ ஆயிற்று என்பதே அகராதிகள் பெரிதும் ஏற்ற விளக்கம். அதே வடசொல் பிராகிருதத்தின் துணையின்றி நேராக வந்தபோது ‘ஆக்கினை’ ஆயிற்று. ஒரே மூலத்திலிருந்து வந்த இரட்டைப் பிள்ளைகள் வெவ்வேறு திசையில் போனது வியப்பானது. ‘ஆக்கினை’ கட்டளை என்னும் பொருளிலிருந்து தண்டனை என்னும் பொருளுக்கு நகர்ந்தது. விவிலியத்தில் வரும் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ என்பதை நினைத்துக்கொள்ளலாம். ‘ஆணை’யோ சத்தியம் என்னும் பொருளையும் சேர்த்துக்கொண்டது.

‘என் மேல் ஆணை’ என்று சொல்லும்போது யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. ஒரு பெயரின் வலிமையைச் சாட்சியாக அழைக்கிறோம். திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தின் இறுதியில், அதனை ஓதும் அடியார்கள் வானில் அரசாள்வர், ‘ஆணை நமதே’ என்றார். இதில் அதிகாரமும் உறுதிமொழியும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகியிருக்கின்றன.

கொங்கு நாட்டிலேயே இதற்கு இன்னும் பொருத்தமான சான்று உண்டு. திருச்செங்கோட்டில், அன்றைய பெயரில் கொடிமாடச்செங்குன்றூரில், உடன்வந்த அடியார்களைப் பனிச்சுரம் வருத்தியபோது சம்பந்தர் பாடியதாக மரபு கூறும் பதிகம், ‘அவ்வினைக்கு இவ்வினை’ என்று தொடங்குவது. இறுதிப் பாட்டு தவிர, அதன் பாட்டுகள், வினை எம்மைத் ‘தீண்டப்பெறா திருநீலகண்டம்’ என்று முடிகின்றன. திருநீலகண்டம் என்பது இங்கே ஆணை. ‘திருநீலகண்டத்தின் மேல் ஆணை, நீ எங்களைத் தொடக்கூடாது’ என்று நோய்க்கு இடப்பட்ட தடை. திருநீலகண்ட நாயனாரின் மனைவி கணவரைத் தடுத்ததும் இதே சொல்லால்தான். அரசன் பெயரைச் சொல்லி ஒருவரைத் தடுத்து நிறுத்துவதைக் கல்வெட்டுகள் ‘திருவாணை’ என்று குறிக்கும்போதும் இந்த நம்பிக்கையே அடியில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் கை நின்றுவிட வேண்டும். காவலரோ தாளோ அதற்குத் தேவையில்லை.

வேலை மாறிய பழைய சொற்கள்

அரசின் சொல்லைக் குறித்த வேறு சில சொற்கள் இன்று முற்றிலும் வேறு பணியில் இருக்கின்றன.

1. சாசனம். கட்டளையிடுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டதால் கல்வெட்டுக்கே பெயரானது. பிறகு உயில் சாசனம், கிரய சாசனம் எனத் தனியார் பத்திரங்களுக்கு இறங்கியது. கடைசியில் ‘அரசியல் சாசனம்’ என்று அரசையே கட்டுப்படுத்தும் நூலுக்கு ஏறியது.

2. பட்டயம். அரசன் அளித்த செப்பேடு. கொங்கின் பல குலத்தாரும் மடங்களும் காணியுரிமைக்குச் சான்றாகப் பட்டயங்களைக் காத்துவந்தனர். இன்று பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பெறுவது பட்டயம். கணக்குத் தணிக்கை செய்பவர் பட்டயக் கணக்காளர்.

3. நிருபம். விசயநகரக் காலத்தில் அரச உத்தரவு. பின்னர் கடிதம், பவுல் எழுதியவை நிருபங்கள். கடிதம் எழுதிச் செய்தி அனுப்பியவர் நிருபர் ஆனார். ஒரு காலத்தில் அரச உத்தரவைக் குறித்த சொல்லின் வழிவந்த பெயரை, இன்று அரசைக் கேள்வி கேட்பவர் தாங்கியிருக்கிறார்.

4. கட்டளை. இதன் வளம் தனி. அச்சு, அளவு, உரைகல் ஆகியவற்றையும் இது குறித்தது. தத்தம் கருமமே கட்டளைக்கல் என்கிறது குறள். கோயிலில் நாள்தோறும் நடக்க வேண்டிய பூசைக்கு ஒருவர் வகுத்துவைத்த ஏற்பாடும் கட்டளைதான். ‘அறக்கட்டளை’ அதிலிருந்து வந்தது. கணினிக்கு நாம் இடுவதும் கட்டளையே.

5. தாக்கீது. வலியுறுத்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் பாரசீகத்தின் வழியாக வந்தது. இன்று எச்சரிக்கைத் தொனியோடு எப்போதாவது செய்திகளில் தலைகாட்டுகிறது.

மைசூர், கும்பினி, அரசாணை

17ஆம் நூற்றாண்டில் கொங்கு படிப்படியாக மதுரை நாயக்கர் கையிலிருந்து மைசூர் உடையார் கைக்குச் சென்றது. பிறகு ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சி. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலமும் கும்பினியிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், வந்தன. திப்பு வீழ்ந்த 1799இல் கோவைப் பகுதியும் வந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் உருவாக்கிய ரயத்துவாரி முறை குடியானவரை நேரடியாக அரசு அலுவலகத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியது. தாசில், ஜமாபந்தி போன்ற, பாரசீகம் வழி வந்த சொற்கள் அன்று முதல் கொங்குக் குடியானவரின் நாவில் நிலைத்தன.

இந்த முறையில் குடியானவர் அர்ஜி, அதாவது மனு, கொடுப்பார். அலுவலர் அதன் மேல் முடிவை எழுதுவார். கேள்வி கீழிருந்து போய், பதில் மேலிருந்து வந்தது. ‘உத்தரவு’ என்னும் சொல் அலுவலக வழக்குக்கு இத்தனை பொருத்தமாக அமைந்ததற்கு இந்த அர்ஜி வழக்கம் பெருந்துணையாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

அண்டை மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வாளையாற்றைக் கடந்தால் மலையாளத்தில் உத்தரம் என்றால் பதில், உத்தரவு என்றால் அரசு ஆணை. அங்கே ‘சர்க்கார் உத்தரவு’ என்பதே இன்றும் அலுவல் வழக்கு. தெலுங்கில் உத்தரம் என்றால் கடிதம். அரசு ஆணை ‘உத்தர்வு’. திம்பம் மலைப்பாதை ஏறிச் சாமராசநகர் போனால், கன்னட அரசின் சொல் ‘ஆதேச’. தமிழ்நாட்டு அரசு மட்டும், 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த அலுவல் தமிழில், ‘அரசாங்க உத்தரவு’ என்பதை விட்டு ‘அரசாணை’ என்பதை நிலைநிறுத்தியது. சொல் சுருக்கமானது, சட்ட எழுத்துக்கும் ஏற்றது. ஆனால் செய்தித்தாள்களும் மக்களும் ‘உத்தரவு’ என்பதை விடவில்லை. அதனால் எழுத்தில் ‘ஆணை’, செய்தியில் ‘உத்தரவு’, பேச்சில் ‘ஆர்டர்’ என்று ஒன்றே மூன்று பெயரில் உலவுகிறது. திருப்பூரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: அங்கே ‘ஆர்டர் வந்துருச்சு’ என்றால், முதலில் மனத்தில் தோன்றுவது வெளிநாட்டு வணிகரின் கொள்முதல் ஆணைதான்.

இன்றைய செய்தியில் ‘உத்தரவு’: ஐந்து வெவ்வேறு பொருள்கள்

1. *அறிவிப்பு.* முதலமைச்சரோ அமைச்சரோ மேடையிலோ சட்டப்பேரவையிலோ சொல்வது. பேரவையில் 110ஆவது விதியின்கீழ் படிக்கப்படும் அறிக்கைகள் இவ்வகையின. கல்வெட்டின் சொல்லில் இது ‘சொன்னோம்’ என்னும் நிலை. அரசியல் மதிப்பு மிகுதி. ஆனால் இதை மட்டும் காட்டி ஓர் அலுவலகத்தில் எதையும் பெற முடியாது.

2. *அரசாணை.* அரசமைப்பின் 166ஆவது பிரிவின்படி, மாநில அரசின் நிர்வாக நடவடிக்கை ஒவ்வொன்றும் ஆளுநரின் பெயரால் வெளிப்படுத்தப்பட வேண்டும். அதனால்தான் அரசாணையின் முடிவில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று எழுதி, துறைச் செயலாளர் கையொப்பமிடுகிறார். தலைப்பில் துறையின் பெயர், ஆணை எண், நாள், திருவள்ளுவர் ஆண்டு ஆகியவை இருக்கும். முந்தைய ஆணைகளின் பட்டியலும் ‘சுருக்க’மும் இருக்கும். எண்ணுக்கு முன் அடைப்புக்குறிக்குள் ‘நிலை’ என்றிருந்தால் அது கொள்கை அளவிலான, நிலைத்த பயனுள்ள ஆணை. ‘வாலாயம்’ என்றிருந்தால் வழக்கமான நிர்வாக ஆணை. இந்த எண்ணும் நாளும்தான் இன்றைய பிடிபாடு.

அறிவிப்புக்கும் ஆணைக்கும் இடையிலுள்ள தூரத்தை உச்ச நீதிமன்றம் பச்சித்தர் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 1962இல் வரையறுத்தது. பெப்சு (பாட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களின் ஒன்றியம்) மாநிலத்தில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு வருவாய்த் துறை ஊழியரின் முறையீட்டில், தண்டனையைக் குறைக்கலாம் என்று அமைச்சர் கோப்பிலேயே எழுதியிருந்தார். அது வெளியாகும் முன் பெப்சு பஞ்சாபோடு இணைந்தது. புதிய மாநிலத்தின் முதலமைச்சர் பணிநீக்கத்தை உறுதி செய்தார். அமைச்சர் எழுதியது ஆணை ஆகுமா என்பதே கேள்வி. உரிய முறையில் வெளிப்படுத்தப்பட்டு, உரியவருக்குத் தெரிவிக்கப்படும் வரை கோப்பில் எழுதியது ஆணை ஆகாது, அதை மாற்ற அரசுக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு.

முறைப்படி வந்த ஆணையும் தனக்கு மேலுள்ள சட்டத்தை மீற முடியாது. கொங்கு விவசாயிகளுக்கு இதைக் கற்பித்தது கெயில் எரிவாயுக் குழாய் வழக்கு. மேற்கு மாவட்டங்கள் 7இன் விளைநிலங்கள் வழியே போக இருந்த குழாயை நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2013இல் முடிவெடுத்தபோது, சிக்கல் தீர்ந்ததென்றே பலர் நம்பினர். ஆனால் குழாய் பதிப்பதற்கான நில உரிமையை நிர்வகிப்பது 1962ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம். அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் மாநிலத்தின் முடிவை நீக்கியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் முறையீட்டைத் தள்ளியது. ‘அரசே உத்தரவு போட்டுவிட்டது’ என்று நம்பி நின்றவர்களின் ஏமாற்றம் நியாயமானது. எந்த அரசு, எந்தச் சட்டத்தின்கீழ் என்னும் கேள்விகளை அந்த ஒற்றைச் சொல் மறைத்துவிட்டது.

3. *சட்டம் அளித்த அதிகாரத்தால் ஓர் அலுவலர் பிறப்பிப்பது.* ‘144 தடை உத்தரவு’ இதன் பெயர்பெற்ற வடிவம். 2024 சூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த சட்டத்தில் இது 163ஆவது பிரிவு. பேச்சில் இன்னும் 144தான். பொதுவாக 2 மாதங்களுக்கு மேல் இது நீடிக்காது. மாநில அரசு தேவை கருதி மேலும் 6 மாதங்கள் வரை நீட்டிக்கலாம்.

4. *நீதிமன்ற உத்தரவு.* உரிமையியல் சட்டம் மூன்றைப் பிரிக்கிறது: காரணங்களைக் கூறும் தீர்ப்பு; உரிமையை இறுதியாக முடிவு செய்யும் தீர்ப்பாணை, அதாவது வழக்காடுபவர்கள் ‘டிக்ரி’ என்று சொல்வது; இவையல்லாத பிற முடிவுகளான உத்தரவு. செய்தியில் மூன்றும் ‘உத்தரவு’ ஆகின்றன. உயர் நீதிமன்றம் அரசை நோக்கிப் பிறப்பிக்கும் நீதிப்பேராணையும், அதாவது ‘ரிட்’டும், அப்படியே. எனவே இடைக்கால உத்தரவா, இறுதி முடிவா என்பதை வாசகர்தான் தேடிப் பார்க்க வேண்டும். 2011 சனவரி இறுதியில், நொய்யல் மாசு தொடர்பாக விவசாயிகள் நடத்திய வழக்கில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த உத்தரவு முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை நோக்கியது; பட்டறைகளை மூடியது வாரியத்தின் நடவடிக்கை. ஓர் உத்தரவு இன்னோர் உத்தரவைப் பெற்றெடுக்கும் இந்தச் சங்கிலியில், எதை எதிர்த்து எங்கே முறையிடுவது என்பது ஒவ்வொரு கண்ணிக்கும் வேறு.

5. *அவசரச் சட்டம்.* பெயரில் சட்டம் என்றிருந்தாலும் இது ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிப்பது. சட்டத்துக்குரிய முழு வலிமையும் உண்டு. ஆனால் பேரவை மீண்டும் கூடி 6 வாரங்களில், அதற்குள் சட்டமாக நிறைவேற்றப்படாவிட்டால், காலாவதியாகும். 2017 சனவரி 21 அன்று சல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் வந்த பின்னும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் பிற ஊர்களிலும் ‘நிரந்தரச் சட்டம்’ கேட்டு இளைஞர்கள் நின்றதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். 23ஆம் தேதி பேரவையில் சட்டமுன்வடிவு நிறைவேறியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு அச்சட்டத்தை ஏற்றது.

காரணம் சொல்லாத உத்தரவு

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஒன்று. கடந்த சில பத்தாண்டுகளில் இந்திய நீதிமன்றங்கள், தம்மை அறியாமலேயே, இந்தச் சொல்லை அதன் பிறப்பிடத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கின்றன.

ஒருவரின் உரிமையைப் பாதிக்கும் உத்தரவு, ஏன் அப்படி முடிவு செய்யப்பட்டது என்பதைத் தன்னுள்ளேயே சொல்ல வேண்டும். சட்ட வழக்கில் அதனைப் ‘பேசும் உத்தரவு’ என்பார்கள். 1977இல் முடிவான மொகிந்தர் சிங் கில் வழக்கில், ஓர் உத்தரவின் செல்லுபடியை அதில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எழுதியவர், கொங்கின் எல்லைக்கு அப்பாலுள்ள பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். 1990இல் எஸ். என். முகர்ஜி வழக்கில், நீதித்தன்மையுள்ள முடிவெடுக்கும் நிர்வாக அதிகாரிகளும் பொதுவாகக் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது அரசமைப்பு அமர்வால் உறுதியாயிற்று. மனு கொடுத்தவரின் கேள்விக்கு விடை இல்லாத உத்தரவு, குறைபட்ட உத்தரவு.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வரிசையில் நிற்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பட்டா மாறுதல் கேட்ட மனு ‘ஆவணங்கள் போதவில்லை, நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒரே வரியோடு திரும்பி வரும்போது, பலர் அதை இறுதிக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எந்த ஆவணம், ஏன் போதவில்லை என்று சொல்லாத அந்த வரி உத்தரவின் வடிவில் இருக்கிறதே தவிர, உத்தரமாக இல்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் வட்டாட்சியரின் முடிவை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கேட்கவும் வழி இருக்கிறது. அந்த மேல்முறையீட்டில் முதலில் எழுத வேண்டியவை, கையில் கிடைத்த உத்தரவின் எண்ணும் நாளும், அதில் சொல்லப்படாமல் விடப்பட்ட காரணமும்.